செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். நம் புகைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாளன்று உறுப்பினர் படங்களின் கண்காட்சி நடைபெற்றது.

அந்தக் கண்காட்சிக்கு வந்த தெப்பத் திருவிழா இரவுப் படங்களில் பெரும்பாலானவற்றை, 12×18 அங்குலத்தில் அச்சிட்டுப் பார்த்தபின் ஒதுக்க நேர்ந்தது. விளக்குகள் இரட்டைக் கோடாகத் தெரிந்தன. “ட்ரைபாடில் வைத்துத்தானே எடுத்தேன்” என்று எடுத்தவர்கள் வருந்தினார்கள். ட்ரைபாட் எனும் முக்காலி கையின் நடுக்கத்தைத்தான் நீக்கும். விரல் அழுத்தும் அதிர்வையும், எஸ்எல்ஆர் கேமராவில் படமெடுக்கும் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலெழும் அதிர்வையும் நாம்தான் நீக்க வேண்டும். இதை நேரில் காட்டுவதற்காகவே மதுரை வண்டியூர் தெப்பக்குளக் கரையில் இரண்டு மாலைப் பயிற்சிகளை ஏற்பாடு செய்தேன்.

லென்ஸ் துளை எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஒளி படும் நேரம் கால் நொடி என்ற ஒரே அளவில் எதிர்க்கரைத் தெருவிளக்கை இருமுறை எடுத்தோம். விரலால் அழுத்திய படத்தில் விளக்கு மேலும் கீழும் இழுபட்டிருந்தது. கேமராத் திரையில் காட்சியை நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கி, கையாலேயே ஃபோகஸ் செய்து, கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி, 2 நொடி டைமரில் எடுத்த படத்தில் அது சுத்தமான வட்டமாக நின்றது. முப்பது நொடிப் படத்தைவிட அரை நொடிப் படமே இந்த அதிர்வால் அதிகம் கெடும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. நீண்ட நேரத்தில் அதிர்வு அடங்கிய பகுதியே மிகுதி. ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களின் தடித்த பகுதிகளை முதலில் நீட்டுவது, பழைய லென்ஸ்களில் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைப்பது, காற்றில் படபடக்கும் கேமராப் பட்டையைக் கழற்றுவது, பேருந்து கடந்து தரை அடங்கும்வரை காத்திருப்பது ஆகியவற்றையும் பழகினோம். எல்லாம் தெளிவாக விழட்டும் என்று துளையை மிகச் சிறிதாக்கி எஃப் 22 வைப்பவர்கள், துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மென்மையாவதைக் கண்டார்கள்.

பெயர் கொடுத்தவர் பத்தொன்பது பேர், முதல் மாலைக்கு வந்தவர் ஒன்பது பேர், இரண்டாவதற்கு நால்வர். வராதவர்களில் ஒருவரேனும் முன்னதாகச் சொல்லியிருந்தால் தேநீர்ச் செலவாவது மிஞ்சியிருக்கும் என்பதை மனவருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வைப்பார்; கையிருப்பு அவசரத் தேவைக்குப் போதும், புதிதாக ஒன்று வாங்கப் போதாது. சந்தா நிலுவை வைத்திருப்போர் இம்மாத இறுதிக்குள் செலுத்தினால், காற்றில் ஆடாத கனமான ட்ரைபாட் ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கிவிடலாம். அடுத்த ஆண்டு இப்பொறுப்பை வேறொருவர் ஏற்றாலும் பயிற்சி மட்டும் நின்றுவிடக் கூடாது.

கூடம் தந்தவர்களுக்கும், படங்களை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

இரவல் சென்ற சங்க ட்ரைபாட், கேமராவைப் பொருத்தும் தகடு இல்லாமலும் ஒரு கால் பூட்டு நழுவியும் திரும்பி வந்திருக்கிறது. பூட்டை நானே சரிசெய்துவிட்டேன். தகட்டை வைத்திருப்பவர் பொருளாளரிடம் சேர்த்தால் போதும். யார் என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்