குளோ பிளக்கை மாற்றினால் மட்டும் போதாது, துளையையும் சுத்தம் செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் வாகனப் பராமரிப்புக் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தால், குளிர்ந்த இன்ஜினுக்குள் சூடு கொடுக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள், கெட்டிருந்தால் மாற்றிவிடுங்கள் என்று எழுதுகிறீர்கள். சரிதான். ஆனால் பழையதைக் கழற்றுவதற்கும் புதியதை மாட்டுவதற்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை, பல பட்டறைகளில் செய்வதும் இல்லை. பிளக் உட்காரும் துளைக்குள் இறுகிக் கிடக்கும் கார்பனை, அதாவது கரியை, எடுப்பதுதான் அது. டீசல் இன்ஜினோடு பல காலமாக மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளோ பிளக், அதாவது பட்டறையில் ஹீட்டர் பிளக் என்போமே அது, இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் மரை வழியாக இறங்கி உட்கார்ந்திருக்கும். அதன் நுனிக் கம்பி மட்டும் டீசல் எரிகிற இடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பல வண்டிகளில் அந்தக் கம்பியின் தடிமனே 4 அல்லது 5 மில்லிமீட்டர்தான். கம்பிக்கும் துளையின் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. புகைக்கரியும் ஆயில் பிசுக்கும் அந்த இடைவெளியில் ஏறி, சூட்டில் வெந்து வெந்து கல்லாகிவிடும். இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்திவிடுகிற குட்டிக் குட்டி ஓட்டம், டீசலைச் சரியாகத் தூவாத இன்ஜெக்டர், ஆயில் குடிக்கிற இன்ஜின், இதில் எது இருந்தாலும் சீக்கிரமே அடைத்துவிடும்.

அந்தக் கார்பனை எடுக்காமல் புது பிளக்கைத் திருகினால் என்ன ஆகும்? பிளக்கின் கழுத்தில் கூம்பு மாதிரி ஒரு பகுதி இருக்கிறது, அது ஹெட்டுக்குள் அதற்கென்று இருக்கும் சீட்டில், அதாவது இருக்கையில், சுத்தமாக உட்கார்ந்தால்தான் சிலிண்டரின் அழுத்தம் (கம்ப்ரஷன்) வெளியேறாமல் நிற்கும், பிளக்கின் சூடும் அதன் வழியாக ஹெட்டுக்குப் போகும். நடுவில் கார்பன் மாட்டினால் இரண்டும் கெட்டது. சூடான கேஸ் கசிந்து மரைக்குள்ளேயே ஏறும், அங்கேயும் கரி கட்டும், புது பிளக்கின் நுனியும் அளவுக்கு மேல் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். அடுத்த முறை கழற்றும்போது பிளக் அசையவே அசையாது. 10 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக் சுமார் 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையிலேயே முறிந்துவிடும், 8 மில்லிமீட்டர் என்றால் சுமார் 20தான். நீளமான ரேட்சட் ஸ்பானரைப் போட்டு ஒரு தம் கட்டினால் அதை எளிதாகத் தாண்டிவிடலாம். அப்புறம் முறிந்த துண்டை எடுக்க ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். மெக்கானிக்குக் கெட்ட பெயர், வண்டிக்காரருக்குப் பெரிய செலவு. இத்தனைக்கும் காரணம் போன முறை செய்யாமல் விட்ட சின்ன வேலை.

இதற்கென்றே ரீமர் இருக்கிறது. நீளவாக்கில் வாய்க்கால் வெட்டிய மெல்லிய எஃகுக் கம்பி, நேராக இறங்குவதற்காக ஹெட்டின் மரையில் திருகி உட்காரும் ஒரு குழலோடு வரும், சிலவற்றில் ரீமரின் உடம்பிலேயே மரை இருக்கும். செட்டாக வாங்கினால் பல அளவுகள் இருக்கும், ஆனால் எது நம் இன்ஜினுக்கு என்பதை பிளக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: மரை அளவு, கம்பியின் தடிமன், நீளம், கூம்பின் கோணம் எல்லாம் பொருந்த வேண்டும். 10 மில்லிமீட்டரிலேயே 1 மில்லிமீட்டர் பிட்ச்சும் (மரைப் புரிகளுக்கு நடுவே உள்ள தூரம்) உண்டு, 1.25 பிட்ச்சும் உண்டு. ஒன்றுக்கு ஒன்றை மாற்றிப் போட்டு முறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை அன்றோடு போச்சு.

செய்கிற விதமும் முக்கியம். வாய்க்கால் நிறைய கிரீஸ் அப்பிக்கொள்ள வேண்டும், உதிர்கிற கரி சிலிண்டருக்குள் விழாமல் அதில் ஒட்டிக்கொள்வதற்காக. வெட்டும்போது கையால் வலப்பக்கமாகவே மெதுவாகச் சுற்ற வேண்டும், முன்னும் பின்னும் ஆட்டக்கூடாது. முதல் தடவை வெளியே எடுக்கும்போது கிரீஸ் தார் போலக் கறுத்து, நறநறவென்று கரித்துண்டுகளோடு வரும். துடைத்துவிட்டுப் புது கிரீஸ் வைத்து மறுபடி இறக்க வேண்டும். கிரீஸ் தன் நிறத்திலேயே வெளியே வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பொறுமை வேண்டும். கடைசியில் இன்ஜெக்டர் வேலை செய்யாதபடி நிறுத்திவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்தால் மிச்சம் இருப்பது காற்றோடு வெளியே வரும். துளைமேல் துணியைப் போட்டுவிட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ரீமர் இல்லை என்று டிரில் பிட்டை மெஷினில் மாட்டி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறுகிறது. அலுமினியம் மெத்தென்ற உலோகம், பிட் கார்பனோடு சேர்த்து சுவரையும் சீட்டையும் தின்றுவிடும், அந்த உலோகத் தூள் நேராக சிலிண்டருக்குள் போகும். மரையைச் சுத்தம் செய்யப் புது மரை வெட்டுகிற டேப்பைப் போடுவதும் தப்புதான், இருக்கிற மரையைச் சுத்தம் மட்டும் செய்கிற கருவி தனியாக உண்டு. கிளீனர் திரவத்தைத் தாராளமாக ஊற்றுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அது பிஸ்டன்மேல் தேங்கினால், பிளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் பூட்டிக்கொண்டு பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். கொஞ்சம் மென்மையான கரி உள்ளே விழுந்தால் எரிந்து புகையோடு போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் கெட்டித் துண்டு வால்வில் மாட்டினாலோ டர்போவரை போனாலோ அது வேறு கதை.

புதிய இன்ஜின்கள் சிலவற்றில் சிலிண்டருக்குள் இருக்கும் பிரஷரை அளக்கிற சென்சாரோடு சேர்ந்த குளோ பிளக்குகள் வருகின்றன. அந்தக் கம்பி துளைக்குள் நுண்ணிய அளவில் அசைந்தால்தான் சென்சார் சரியாக வேலை செய்யும். கார்பன் அதைப் பிடித்துக்கொண்டால் தப்பான அளவு இன்ஜின் கன்ட்ரோலுக்குப் போகும். சாதாரண பிளக்கைவிட விலையும் அதிகம், ஆகவே அங்கே துளையைச் சுத்தம் செய்யாமல் மாட்டுவது அநியாயம்.

வண்டி வைத்திருப்பவர்கள் வெட்கப்படாமல் கேளுங்கள், “துளையை ரீமர் போட்டுச் சுத்தம் செய்தீர்களா?” என்று. பழைய பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள், கம்பியைச் சுற்றிக் கரி கெட்டியாகப் படிந்திருந்தால் துளையிலும் இருக்கும். தொழில் சொல்லித்தரும் இடங்களில், கழித்துப் போட்ட ஹெட் ஒன்றை மேஜைமேல் வைத்து இந்த வேலையை மாணவர்களே செய்து பார்க்கட்டும், எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்தலாம் என்பது கைக்குப் பழக வேண்டிய விஷயம்.

நீங்களும் அடுத்த முறை குளோ பிளக் பற்றி எழுதும்போது இதைச் சேர்த்து எழுதுங்கள். ரீமரின் படம் ஒன்று போட்டால் இன்னும் நல்லது, பலர் அதைப் பார்த்ததே இல்லை.

இப்படிக்கு,
ஒரு டீசல் மெக்கானிக்