கத்துனாத்தான் கஸ்டமருங்களா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

ஜவுளிக்கடைல வேலை செய்யறவங்க மூஞ்சி குடுத்தே பேசமாட்டேங்கறாங்கன்னு போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தாருங்க. அது பொய்யில்ல. நானே கோபியில சேலை செக்சன்ல 11 வருசமா நிக்கறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எனக்கே எம்மூஞ்சி புடிக்காது. (உக்கார வசதி செஞ்சு குடுக்கணும்னு 2021லயே நம்ம தமிழ்நாட்டுல சட்டம் போட்டாச்சுங்க, ஸ்டூலும் வந்துச்சு, அதுமேல இப்ப கட்டப்பை அடுக்கி வெச்சிருக்குது.) ஆனா கஸ்டமர் சொல்றதுதான் எப்பவும் சரின்னு கடுதாசிய முடிச்சிருந்தாரு பாருங்க, அங்கதான் எனக்கு வாய் சும்மா இருக்கல.

முகூர்த்தம் முடிஞ்ச மக்யா நாளு ஒரு அம்மா 6,800 ரூவா பட்டுச்சேலைய கொண்டாந்து போட்டு, கட்டவே இல்ல, கலரு புடிக்கல, பணத்த குடுங்கன்னாங்க. பிரிச்சா ஃபால்ஸ் அடிச்சிருக்குது, முந்தானையில மஞ்சக்கறை, மடிப்புக்குள்ளாரருந்து ஒரு அட்சதை அரிசி டேபிள்ல உழுகுது. நான் ஒண்ணுமே சொல்லலீங்க, அந்த அரிசிய பார்த்தேன், நான் பார்த்தத அவங்க பார்த்துட்டாங்க, அவ்வளவுதான், புடிச்சாங்க பாருங்க சத்தம், கீழ இருந்த ஓனரே படியேறி வந்துட்டாரு. பணம் அவங்க கைக்கு போயிருச்சு, நான் அத்தன பேரு முன்னால சாரி கேட்டேன், அந்த சேலைய டேமேஜ் கணக்குல போட்டு என்ற சம்பளத்துல மாசம் ஐநூறு புடிப்பாங்களாம்.

அதே வாரம் அந்தியூர் பக்கமிருந்து ஒரு ஆத்தா வந்தாங்க. 450 ரூவா காட்டன் சேலை, நெசவுலயே இழை விட்டு ஒரு சாண் நீளத்துக்கு ஓட்டை. பில்லு சுருக்குப்பையில எட்டா மடிச்சு வெச்சிருந்தாங்க. ஏங் கண்ணு, மாத்திக் குடுப்பீங்களான்னு கேட்டாங்க. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு பில்லுக்கு அடியில அச்சடிச்சிருக்கறத சூப்பர்வைசர் விரல வெச்சு காட்டுனாரு. செரி சாமின்னு மடிச்சு பையில போட்டுட்டு படியிறங்கிட்டாங்க.

இதுல யாரு சரிங்க? 2019ல போட்ட நுகர்வோர் பாதுகாப்பு சட்டம், 2020 ஜூலைல இருந்து நடைமுறையில இருக்குது, குறையுள்ள சரக்க பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதும் போடலீன்னா 30 நாளைக்குள்ள, திருப்பி வாங்க மாட்டேன்னு சொன்னா அது முறையற்ற வணிகம்னு சொல்லுது. கல்யாணத்துக்கு கட்டி கறையாக்குன சேலையப்பத்தி அதுல ஒண்ணுமில்ல. ஆனா எங்க கடைல நாயம் தொண்டையில இருக்குது.

ஓனரு சீட்டுக்கு பின்னால காந்தி படம் போட்டு, கஸ்டமர் நம்மள நம்பி இல்ல, நாமதான் அவர நம்பி இருக்கறோம்னு ஒரு போர்டு மாட்டியிருக்குது, கீழ 1890, தென்னாப்பிரிக்கான்னு வேற. ஒம்போதாவது படிக்கற எம்பொண்ணு பார்த்துட்டு, அம்மா 1890ல காந்தி லண்டன்ல வக்கீலுக்கு படிச்சுட்டு இருந்தாரு, தென்னாப்பிரிக்கா போனதே 1893லன்னா. ஓனர்கிட்ட சொல்லலீங்க, அதுக்கும் சம்பளத்துல புடிச்சா என்ன பண்றது.

அந்த ஆத்தா வீட்டுல யாராச்சும் இத படிச்சீங்கன்னா, பில்லு தேதிப்படி இன்னும் 30 நாளு ஆகலீங்க, சேலையோட திரும்ப கூட்டியாங்க. சித்தெ சத்தமாவே கேளுங்க, நான் தப்பா நெனைக்கமாட்டேன்.

பேரு போடவேண்டாமுங்க,
சேலை செக்சன் ஊழியர்,
கோபிசெட்டிபாளையம்.