முத்தையாவுக்கு அப்பா யார்?

டேய் மாப்ள,

உன் முன்னோரைத் தேடும் புரோகிராம் முடியாமல் தொங்கி நிற்கிறது என்று எழுதிய கடிதமும் நீ அனுப்பிய ஃபைலும் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து போட உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

குலதெய்வம் கோயில் மாசிக் களரிக்குத் தலைக்கட்டு வரி பிரிக்க, பங்காளிகள் நோட்டை டேட்டாபேஸில் ஏற்றுகிறேன் என்று நீ சொன்னபோது, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் நினைத்தேன். டேபிளைத் திறந்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வரி (ரோ, கட்டுகிற வரி இல்லை); அதில் அவன் எண், அப்பா எண், அம்மா எண். கம்ப்யூட்டர் கிளாஸில் ஆரக்கிள் டேட்டாபேஸோடு வந்த 'எம்ப்' டேபிள் ஞாபகம் இருக்கா? 14 பேர், கிங்குக்கு மட்டும் மேனேஜர் எண் காலி. யாருக்குக் கீழே யார் என்று தேடும் 'கனெக்ட் பை' எழுதும்போது 'பிரையர்' எந்தப் பக்கம் வரணும் என்று நாம் போட்ட சண்டை! ஒரு பக்கம் வைத்தால் மேலிருந்து கீழே இறங்கும், மறுபக்கம் வைத்தால் கீழிருந்து மேலே ஏறும். உன்னுடையதும் அதே டேபிள்தான், மேனேஜர் இருந்த இடத்தில் அப்பா.

உன் பிஎச்பி லூப், இவனுக்கு அப்பா யார், அவனுக்கு அப்பா யார் என்று படிக்கு ஒரு தடவை டேபிளிடம் போய்க் கேட்கிறது. டேபிளை அதே டேபிளோடு சேர்க்கும் ஜாயினில் எழுதலாம் என்றால் தாத்தாவுக்கு ஒன்று, பூட்டனுக்கு ஒன்று, ஓட்டனுக்கு ஒன்று என்று எண்ணிப் போடணும். எத்தனை தலைமுறை என்றே தெரியாதபோது எத்தனை ஜாயின் போடுவாய்? இதற்காகவே, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் 1999 ஸ்டாண்டர்டில், போன விடையை வைத்தே திரும்பத் திரும்பத் தேடும் 'வித் ரிகர்சிவ்' வந்தது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 2009-இல் சேர்த்துவிட்டார்கள். மைஎஸ்கியூஎல்காரர்கள் 8.0 வரும்வரை, 2018 வரை, காக்க வைத்தார்கள். உன் ஹோஸ்டிங்கில் கிடப்பது 5.7. அதனால் என் லேப்டாப்பில் 8.0-இல் ஏற்றிப் பார்த்தேன்.

குவெரிக்கு இரண்டு பாதி, நடுவில் இரண்டின் வரிகளையும் அப்படியே சேர்க்கும் 'யூனியன் ஆல்'. முதல் பாதி உன் வரியை மட்டும் எடுக்கும். இரண்டாவது பாதி, போன சுற்றில் கிடைத்தவனின் அப்பா எண்ணை டேபிளில் தேடி அந்த வரியைக் கொண்டுவரும். ஒரு சுற்றில் எந்த வரியும் வராவிட்டால் நின்றுவிடும். ஏழெட்டு வரி வரும் என்று பார்த்தால், 1001 சுற்றோடு நிறுத்திவிட்டேன் என்று எரர் வந்தது. ஆயிரம் தலைமுறைக்கு நீ எங்கே போவாய்?

வந்த வழியைத் தெரிந்துகொள்ள, எண்களைக் கமா போட்டுக் கோர்த்து ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்தேன். அதிலும் அரை மணி நேரம் வீண். முதல் பாதியில் அந்தக் காலம் எவ்வளவு அகலமோ அதற்கு மேல் நீளாது என்பதை மறந்துவிட்டேன். சில சுற்றோடு நிறுத்தச் சொல்லி, அகலத்தை 500 எழுத்துக்கு 'காஸ்ட்' செய்த பிறகு தெளிவாகத் தெரிந்தது: 87, 31, 87, 31.

31 கருப்பையா, 87 அவர் மகன் முத்தையா. கருப்பையாவின் அப்பாவும் முத்தையாதான், எண் 12. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள்; பெயர்ப் பட்டியலில் ஏற்றியவர் தவறான முத்தையாவைத் தொட்டுவிட்டார். பெற்ற மகனே அப்பாவுக்கு அப்பா! 31-இன் அப்பா எண்ணை 12 என்று மாற்று, தீர்ந்தது.

உன் லூப் தொங்கி நின்றது உன் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். மேலிருந்து, ஆதி பங்காளியிலிருந்து இறங்கிப் பார்த்தேன். எரரே வரவில்லை. ஆனால் 12-க்குப் பிள்ளையே இல்லாததுபோல் போய், கருப்பையா வகையறா முழுக்கப் பட்டியலில் காணோம். 9 தலைக்கட்டு. வரி கேட்டு யாரும் வராத வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? "எங்களைப் பங்காளி இல்லேன்னுட்டீங்களா" என்று கோயில் வாசலில் நின்றிருப்பான். இனி எப்போது ஏற்றினாலும், மேலிருந்து இறங்கி வந்த எண்ணிக்கையையும், கட்டிக்கொண்டு வந்தவர்களைத் தள்ளிவிட்டு டேபிளில் இருக்கும் எண்ணிக்கையையும் ஒத்துப்பார். அப்பா எண்ணுக்குத் தேடலை வேகமாக்கும் ஒரு இண்டெக்ஸும் போட்டுவிடு, இறங்கும்போதுதான் அது வேண்டும்.

இன்னொன்று கேட்கணும். அம்மா எண்ணையும் சேர்த்து ஏறிப் பார்த்தால், உன் சித்தப்பா பிள்ளைகளுக்கு உன் அப்பா வழித் தாத்தா இரண்டு முறை வருகிறார். தப்பில்லை. சித்தப்பா கட்டியது அக்கா மகளை. அப்பா வழியில் அவர் இரண்டாம் படி, அம்மா வழியில் மூன்றாம் படி. எத்தனையாவது படி என்ற எண்ணையும் கமா போட்டுக் கோர்த்த காலத்தையும் எடுத்துவிட்டு, ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் வெறும் 'யூனியன்' போட்டால் ஒரு வரியாகிவிடும். எடுக்கட்டுமா, வேண்டாமா? சித்தப்பாவிடமே கேட்டு எழுது. களரிக்கு நான் வருகிறேன், கிடா விருந்துக்கு மட்டும்.

இப்படிக்கு
உன் மாமன்