பத்துத் துண்டும் ஒரு எக்ஸும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறா. திருகோணமலையில் கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலெல்லாம் புழுதி, ஆனால் மாமாவின் வள்ளங்கள் ஒரு நாளும் தவறாமல் கடலுக்குப் போகின்றன.

சிப் சோதிக்கிற வேலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நீ கணக்கு வாத்தியார், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சிப்புக்குள் ஒவ்வொரு பிட்டாக வைத்திருக்கும் ஃப்ளிப்ஃப்ளாப்களை மணி கோத்த மாதிரி ஸ்கேன் செயின்களாகக் கோத்து, சோதனை பிட்களை உள்ளே தள்ளி, வரும் விடையை வெளியே இழுத்துப் பார்ப்போம். செயின்கள் நூற்றுக்கணக்கில், சிப்பிலிருந்து வெளியே வரும் கால்களான பின்களோ கொஞ்சம். ஆகவே விடைகளை உள்ளேயே எக்ஸார் போட்டு, அதாவது 1கள் ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்க்கிற கூட்டல் போட்டு, சுருக்க வேண்டும். மிசர் என்ற ரெஜிஸ்டர் எல்லாவற்றையும் கலந்து கடைசியில் ஒரே ஒரு சிக்னேச்சரை, அதாவது ஒரு சுருக்க எண்ணை, தரும். 32 பிட் என்றால், பழுதான சிப் தற்செயலாகத் தப்புவதற்குச் சுமார் 429 கோடியில் ஒரு வாய்ப்புத்தான். ஆனால் தொடக்க மதிப்புக் கொடுக்காத மெமரி, இரண்டு க்ளாக் (சிப்பை நடத்தும் தாளத் துடிப்பு) சந்திக்கிற இடம், இங்கெல்லாம் 0 வருமா 1 வருமா என்று சிமுலேஷனால் சொல்ல முடியாது, எக்ஸ் என்று போட்டுவிடும். அந்த ஒரு எக்ஸ் மிசருக்குள் விழுந்தால் சுற்றிச் சுற்றிப் பரவிவிடும், அதற்குப் பிறகு நல்ல சிப் எது பழுது எது என்று பிரிக்கவே முடியாது.

போன மாதம் மாமா திண்ணையில் மீன் கணக்கு எழுதிய கடதாசித் துண்டுகளை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். பத்து வள்ளம், பத்துத் துண்டு. ஒன்று உப்புத் தண்ணீரில் ஊறி, எழுத்தெல்லாம் கரைந்து நீலத் தடமாகக் கிடந்தது. மொத்தத்தை முதலாளியின் கொப்பியோடு ஒப்பிட வழியில்லை. நான் சொன்னேன், ஒரே கூட்டல் போடாமல் ஐந்து கூட்டல் போடுங்கள், ஒவ்வொரு துண்டையும் மூன்றில் சேருங்கள், எந்த இரண்டு துண்டுக்கும் அதே மூன்று வரக்கூடாது. ஐந்தில் மூன்றைத் தெரிவுசெய்யச் சரியாகப் பத்து வழி. நனைந்த துண்டு மூன்று கூட்டலைக் கெடுக்கும், ஆனால் மற்ற ஒன்பதில் எதை எடுத்தாலும் அது கெடாத கூட்டல் ஒன்றிலாவது இருக்கும், அதில் பிழை இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

2002இல் இன்டெலில் சுபாசிஷ் மித்ராவும் கீ சப் கிம்மும் வெளியிட்ட எக்ஸ்-காம்பாக்ட் என்ற சுருக்கும் முறை இதுதான்: துண்டுக்குப் பதில் செயின், கூட்டலுக்குப் பதில் அவுட்புட், நனைந்த துண்டுக்குப் பதில் எக்ஸ். பத்து அவுட்புட்டில் ஐந்தைந்தாகத் தெரிவுசெய்தால் 252 செயின்கள்! அதில் நினைவகம் எதுவும் இல்லாததால் எக்ஸ் வந்த க்ளாக்கோடு போய்விடும், அடுத்ததைத் தொடாது.

இரண்டு எக்ஸ் சேர்ந்து வந்தால்தான் சிக்கல். ஒன்று 1, 2, 3ஆம் கூட்டல்களிலும் மற்றது 3, 4, 5ஆம் கூட்டல்களிலும் இருந்தால் ஐந்து கூட்டலும் போச்சு. அப்போது எக்ஸ் வரும் விடையைக் கணக்கில் சேராதபடி மாஸ்க் போட்டு மறைக்கச் சொல்வார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான், ஒரு இடத்து எக்ஸுக்காக ஒரு செயினையே மறைத்தோம். அதே செயினில் எக்ஸே வராத ஒரு ஃப்ளிப்ஃப்ளாப்பில் பழுது இருந்தது, சிப் பாஸாகி வெளியே போய்விட்டது. அதை இன்னும் மறக்க முடியவில்லை. இப்போதெல்லாம் எக்ஸ் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்காமல் நான் மாஸ்க்கில் கை வைப்பதில்லை.

அப்புறம், நீ ஏ லெவல் காலத்தில் சொன்ன கிர்க்மன் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 1850இல் அவர் கேட்டது, 15 பெண்பிள்ளைகள், மும்மூன்று பேராக ஏழு நாள் நடக்க வேண்டும், எந்த இருவரும் இரண்டாம் முறை சேரக்கூடாது. அதில் 35 மும்மைகள் வருகின்றன. எந்த இரண்டு மும்மையும் ஓர் ஆளுக்கு மேல் பகிராது, ஆகவே பிள்ளைகளை அவுட்புட்டாகவும் மும்மைகளைச் செயினாகவும் எடுத்து, 15 அவுட்புட்டில் 35 செயின்களை அப்படி இணைத்தால் எந்த இரண்டு எக்ஸ் வந்தாலும் மூன்றாவது செயினின் பழுது மறையாது. இதைக் கண்ட இரவு எனக்கு நித்திரையே வரவில்லை, மச்சான். ஆனால் 35க்கு 15 பின் என்பது அதிகம். மூன்று எக்ஸைத் தாங்க ஒரு செயின் எத்தனை அவுட்புட்டுக்குப் போக வேண்டும், பின்னைக் குறைக்க வழி இருக்கிறதா, உன் பொடியன்களோடு கரும்பலகையில் போட்டுப் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் மச்சான்