எங்கள் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய கால போட்டோ ஆப்பைத் தயாரித்தவர்களுக்கு,

வணக்கம். ஃபிலிம் கேமராவில் எடுத்தது போலப் படம் வரும் என்று கேள்விப்பட்டு, உங்கள் ஆப்பை ஆசையாகத்தான் போனில் ஏற்றினேன். படங்கள் அழகாகவே வந்தன. என் குறை ஒன்றுதான். எஃபெக்ட் போட்ட படத்தை மட்டும் கேலரியில் சேமித்துவிட்டு, அசலை ஆப் தூக்கிப் போட்டுவிடுகிறது. தயவுசெய்து அசலையும் சேமித்துக் கொடுங்கள்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் 2006 முதல் பேச்சு கிடையாது. போன மாதம் வீட்டு விசேஷம் ஒன்றில், பெரியப்பா தானாகவே வந்து அப்பா பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்க, அப்பா அதை எடுத்துத் தன் சட்டை நுனியால் துடைத்து அவர் கையில் கொடுத்தார். பெரியப்பா சிரித்துவிட்டார். என் கையில் போன், அதில் உங்கள் ஆப் திறந்திருந்தது. மளமளவென்று ஆறு படம் எடுத்தேன்.

"நல்லதா ஒண்ணைப் பெரிசா பிரின்ட் போட்டுக் குடும்மா" என்றார் பெரியப்பா. அன்று இரவு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெளிச்சம் கசிந்தது போல ஓர் ஆரஞ்சுப் பட்டை அவர் நெற்றியிலிருந்து தாடை வரை இறங்கியிருக்கிறது. ஆறு படத்திலும் எங்காவது ஒரு பட்டை. அந்தச் சிரிப்பு எதிலும் முழுதாக இல்லை. மூலையில் நான் கேட்காமலே '98 என்று ஒரு தேதி. 98-இல் அவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நாளைக்கு இந்தப் படத்தைப் பார்க்கிற பிள்ளைகள், சண்டைக்கு முன்னால் எடுத்தது என்றே நினைப்பார்கள். இத்தனை வருடம் கழித்துச் சேர்ந்தார்கள் என்பதற்கு இருக்கிற ஒரே படம், அவர்கள் சேர்ந்ததையே மறைக்கிறது.

நீங்கள் அறியாதது இல்லை. ஃபிலிம் கேமராவின் பின்கதவில் வெளிச்சத்தைத் தடுக்க வைத்திருக்கும் பஞ்சு தேய்ந்துபோனால் வெளிச்சம் கசியும். அப்படிக் கசிந்தால் கேமராவை ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். அந்தக் கால ஸ்டுடியோக்களில் படத்துக்குச் செப்பியா என்ற பழுப்பு நிறம் ஏற்றியதும் பழசாகக் காட்ட அல்ல. படத்தில் இருக்கும் வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாக மாறினால் படம் நீண்ட நாள் நிற்கும். அவர்கள் படம் கெடாமல் இருக்கப் பட்ட பாட்டையெல்லாம் நீங்கள் அலங்காரமாக எடுத்துக்கொண்டீர்கள். சரி, அது ரசனை. ஆனால் அவர்களிடம் இருந்த முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஃபிலிமைக் கழுவக் கொடுத்தால், பிரின்ட்டோடு கூடவே உறையில் போட்டு நெகட்டிவையும் கொடுப்பார்கள். பிரின்ட் கெட்டால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

எடுத்ததுமே கேமராவிலிருந்து பிரின்ட் வந்துவிடும் போலராய்டில் நெகட்டிவ் ஏது என்று நீங்கள் கேட்கலாம். 1972-இல் வந்த எஸ்எக்ஸ்-70 என்ற போலராய்டு கேமராவை வாங்கியவருக்கு, கையில் வருவது ஒரே பிரதி என்று தெரியும். உங்கள் ஆப் எனக்கு அப்படி எங்கேயும் சொல்லவில்லை. எஃபெக்ட் ஏறுவதற்கு முன் அசல் படம் போனுக்குள் வந்துதானே ஆக வேண்டும்? அதை அழிப்பதற்குப் பதில் சேமிப்பதில் என்ன கஷ்டம்? சில எம்பி இடம் எடுக்கும் என்றால், அந்த இடம் என் போனில் இருப்பது. வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டிருக்கலாம்.

என் கான்டாக்ட் பட்டியலைக் கேட்கிறீர்கள், நான் இருக்கும் இடத்தைக் கேட்கிறீர்கள், மாதாமாதம் சந்தா கேட்கிறீர்கள். ஒரு படம் எடுக்க இதெல்லாம் எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. கேட்க வேண்டிய அந்த ஒன்றைத்தான் கேட்கவில்லை. கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள்.

அடுத்த அப்டேட்டில் இரண்டே இரண்டு செய்யுங்கள். எடுத்த தேதியோடு அசல் படம் தனியாகச் சேமிப்பாகட்டும். பொய்த் தேதி, கேட்பவருக்கு மட்டும் வரட்டும். என் ஆறு படங்கள் இனித் திரும்பாது என்று தெரியும். பெரியப்பா நேற்றும் போன் செய்து பிரின்ட் என்னாச்சு என்று கேட்டார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆப்பில் படம் எடுத்த ஒருத்தி