தூங்குமூஞ்சி மரத்தைக் கொஞ்சம் பார்

அன்பு மகளுக்கு,

ரங்கூனிலிருந்து அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாத்திரையைத்தான் சொல்லிச் சொல்லிப் போடவைக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் பேசும்போது, "என்ன சந்தேகம் வந்தாலும் போனைத் தட்டினா பதில் வந்துடுதுப்பா, எதைப் பார்த்தாலும் ஆச்சரியமே வரல, பென்சில் எடுத்தாலும் கை ஓடல" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எனக்கு நேர்மாறாகத்தான் நடந்திருக்கிறது. ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்று தெரிந்த பிறகுதான் வாய் பிளந்திருக்கிறேன்.

பாட்டியின் சிவப்பு வெற்றிலைப் பெட்டி அலமாரியில் இருக்கிறதல்லவா, அந்த மாதிரிச் சாமான் செய்வதைப் பகானில் மியின்கபா கிராமத்துப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். மூங்கிலை மெல்லிசாகச் சீவி, வளையம் வளையமாகச் சுற்றி உருவம் கொடுக்கிறார்கள். உயர்ந்த ரகக் கிண்ணத்துக்குக் குதிரை முடியும் சேர்த்துப் பின்னுவார்கள். அதன் விளிம்பை இருபுறமும் அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டும், விட்டால் பழையபடி வட்டமாகிவிடும். மேலே பூசுவது தித்சி என்கிற காட்டு மரத்துப் பால். கீறியதும் வெளிறி வடியும், காற்றுப் பட்டால் கறுத்துவிடும்.

இனிமேல்தான் விஷயம். பூசியதை வெயிலில் வைப்பதில்லையம்மா! தரைக்கடியில் ஈரமான இருட்டறையில் கொண்டுபோய் அடுக்குகிறார்கள். வடாம் காய்கிற வெயில் இதற்கு ஆகாது. அந்தப் பாலில் உள்ள ஒரு நொதி, காற்றில் ஈரம் இருந்தால்தான் ஆக்சிஜனைப் பிடித்துப் பாலை இறுக வைக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், தேய்த்து வழவழப்பாக்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். நல்ல சாமான் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும்.

பக்கத்தில் ஒரு பெண் இரும்பு ஊசியால் கீறிக்கொண்டிருந்தாள். முன்கூட்டி வரைந்துகொள்ளவில்லை. ஊசி பிடித்த கை அதிகம் நகரவில்லை, கிண்ணத்தைத்தான் மடியில் திருப்பிக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே யானையின் முதுகு வந்தது, பிறகு வால். ஒரு நிறத்துக்கான கோடுகளைக் கீறிச் சாயத்தைத் தேய்த்து நிரப்பி, அது நன்றாகப் பிடித்த பிறகே அடுத்த நிறத்துக்கான கீறல். ரப்பர் வைத்து அழிக்கிற பேச்சே இல்லை. ஊர் திரும்பியதும் அலமாரியைத் திறந்து வெற்றிலைப் பெட்டியை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தேன். உன் அம்மா சிரித்தாள், சிரிக்கட்டும்.

தண்ணீர்த் திருவிழா சமயத்தில் ஒரு மழை விழுந்தால் இங்கே பதௌக் மஞ்சளாகப் பூத்து, ஒரே நாளில் கொட்டிவிடும் என்பது உனக்குத் தெரியும். அது நம் வேங்கைக்குச் சொந்தக்கார மரம். வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டி மாதிரித் தெரிகிறது என்று சங்கப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். மஞ்சள் பூ, கறுத்த கல், இவ்வளவுதான் அவர் கையில் இருந்தது. ஆனால் மனுஷன் நின்று பார்த்திருக்கிறார். நாமோ அந்தப் பூவைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுகிறோம்.

வரை, வரை என்று உன்னை நச்சரிக்கப் போவதில்லை. ஆசை தானாக வரட்டும் என்று காத்திருப்பதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீ அனுப்பிய படத்தில் உன் பஸ் நிறுத்தத்துக்கு மேல் குடை விரித்து நிற்பது தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் அதன் இலை மடங்கும், மேகம் கவிந்தாலும் மடங்கும். காம்பின் அடியில் சின்ன முடிச்சு மாதிரி இருக்கும், அதற்குள் தண்ணீர் ஏறி இறங்குவதில்தான் இலை விரிவதும் கூம்புவதும். விழுந்து கிடக்கும் கிளை கிடைத்தால் அந்த முடிச்சைத் தொட்டுப் பார். முடிந்தால் அதை மட்டும் பஸ் டிக்கெட் அளவுத் தாளில் வரைந்து அனுப்பு, கோணலாக இருந்தாலும் சரி.

நம் தெருக்கோடியிலும் ஒரு தூங்குமூஞ்சி நிற்கிறது. சிங்கப்பூர் நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். உன் மரம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று குறித்து எழுது, இங்கே நானும் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா