தும்பறை மலையில் எங்கள் தம்பியைத் தேடியவர்களுக்கு

இலங்கையின் நடுவே, நக்கிள்ஸ் என்று எல்லோரும் சொல்லும் தும்பறை மலைத்தொடரில் எங்கள் ஊர்ப் பொடியன் காணாமற்போய் எட்டு மாதம். இன்னும் கிடைக்கவில்லை. என்றாலும் அவன் எங்கெங்கே இல்லை என்பதை இன்று வரைபடத்தில் கோடு போட்டுச் சொல்ல முடிகிறது. அந்தக் கோடுகள் உங்கள் கால்களால் போட்டவை.

முதலில் மீமுரேப் பக்கத்துக் கிராமத்தவர்களுக்கு. வன்னியில் காடறிந்தவர்கள் நிறையப் பேர், ஆனால் எங்கள் காடு தட்டை. பாலையும் வீரையும் நிற்கிற காட்டில் வழி தவறினவன் வாய்க்காலைப் பிடித்து நடந்தால் குளத்துக்கோ வயலுக்கோ வந்து சேருவான். அங்கே அதே புத்தி ஆளைக் கொண்டுபோய் நீர்வீழ்ச்சியின் விளிம்பில் விடும். சறுக்கி இறங்கின ஈரப் பாறையில் திரும்பி ஏறவும் முடியாது. இதைச் சொல்லி, ஒவ்வொரு வீழ்ச்சியின் அடிக் குழியிலிருந்து மேல்நோக்கித் தேட வைத்தவர்கள் நீங்கள். கைவிட்ட ஏலக்காய்த் தோட்டங்களின் பழைய உலர்த்தும் கொட்டில்களைக் காட்டியதும் நீங்கள்தான். மழைக்கு ஒதுங்குகிறவன் முதலில் பார்ப்பது கூரையைத்தானே.

வவுனியா, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பெடியளுக்கு: பத்தனைப் புல்வெளியில் ஆளுக்காள் 15 மீற்றர், குள்ளக் காட்டில் 4 மீற்றர் என்று வரிசை குலையாமல் நடந்தீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று விசில், பிறகு ஒரு முழு நிமிடம் மௌனம். சோர்ந்து கிடப்பவனின் குரல் அந்த மௌனத்தில்தான் கேட்கும். முதல் இரண்டு நாளும், தேடின இடத்துக்கு அடையாளமாகக் கட்டிய நாடாக்களில் திகதி இல்லாததால் ஒரே சரிவை இரண்டு குழு தேடியது, பக்கத்துப் பள்ளத்தை இரண்டும் விட்டுவிட்டன. மூன்றாம் நாளிலிருந்து திகதி, குழு இலக்கம், போன திசை மூன்றையும் அழியாத மாக்கரால் எழுதியதால்தான் அந்தப் பள்ளம் விடுபட்டது தெரிந்தது.

தொலைபேசிப் பதிவை விளக்கிய தம்பிக்கு. கடைசியாகப் பதிந்த கோபுரமே ஆளுக்குக் கிட்டியது என்று நம்பி ஒன்றரை நாள் வீணாகியிருந்தது. மலையில் கிட்ட நிற்கும் கோபுரத்தை முகடு மறித்தால், போன் தூரத்துக் கோபுரத்தையே பிடிக்கும் என்று நீங்கள் காட்டிய பிறகு தேடும் பக்கமே மாறியது. பொலிஸ் ஊடாக நீதவானிடம் அந்தப் பதிவைக் கேட்க வைத்த சட்டத்தரணிக்கும் எங்கள் வணக்கம்.

ட்ரோன் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. அது இலைக்கூரைக்குக் கீழே பார்க்காது, மூடுபனியில் ஒன்றுமே பார்க்காது. ஆனால் மனிதர் இறங்க முடியாத பாறை முகங்களைக் காலை முகில் ஏறுமுன் பார்த்து முடித்தது அதுதான். ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்து அக்காமார் விடிய முன்னமே ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்ததோடு, அட்டை ஏறாமல் காலுறையில் சவர்க்காரமும் தேய்த்துவிட்டார்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைக் கேட்டு 2017 மாசியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டம் இருந்த அம்மாமாருக்கு எப்படி நன்றி சொல்வது? தங்கள் பிள்ளைகளின் படத்தை வீட்டில் வைத்துவிட்டு இந்தப் பிள்ளையின் படத்தோடு வந்து இருந்தீர்கள். வந்த ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோடு கொப்பியில் எழுதச் சொன்னீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தின் பிரதியை இரண்டு வீட்டில் வைக்கச் சொன்னீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வைக்காதே என்றீர்கள். படத்தில் தெரியாத ஓர் அடையாளத்தை வெளியே சொல்லாமல் வைத்திருக்கச் சொன்னதும் நீங்கள்தான். “கண்டேன், காசு அனுப்பு” என்று எடுத்தவர்களில் ஒருவருக்கும் அந்த அடையாளம் தெரியவில்லை.

அடுத்த தேடுதல் பங்குனி முதற் கிழமை. ஓடைக் குழிகளில் நீர் வற்றி அடி தெரியும் காலம் அது. வருகிறவர்கள் விசில், ரோச், மழைக்கோட்டு, மாற்று உடுப்பு கொண்டு வாருங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். துணியோ செருப்போ எதைக் கண்டாலும் தொடாதீர்கள். பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்து, போன் வரைபடத்தில் இடத்தைப் பதிந்து, நாடா கட்டிவிட்டு 119க்குச் சொல்லுங்கள். காலுறை மட்டும் கொண்டுவர வேண்டாம். தம்பியின் அம்மா ஆளுக்கு இரண்டு சோடி வாங்கி வைத்திருக்கிறா.